வேப்பங்கொட்டையும் கொசுப்புழுவும்: கொங்கு வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் ஒரு வழிகாட்டி

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை பிடிக்கிறது, பின்னாலேயே டெங்குப் பேச்சும் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மாதம். கொட்டையைப் பொறுக்கி, காயவைத்து, மூட்டை கட்டி வைத்தால் மழை தொடங்கும் நேரத்தில் அது பயன்படுத்தும் பதத்துக்கு வந்திருக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வேப்பமரத்துக்குக் குறைவில்லை. ஆகவே பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கே, எப்படி ஊற்றுவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

தாவர மருந்தின் இடம் தண்ணீர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் புகையிலும் வாசனையிலும்தான் தொடங்குகிறார்கள். பறக்கும் கொசுவைப் புகையால் விரட்டினால் புகை இருக்கும் வரை நிம்மதி. அது பிறந்த தண்ணீரைக் கவனித்தால்தான் அடுத்த வாரம் கொசு குறையும். அந்தத் தண்ணீரிலும், கவிழ்த்துக் கொட்டிவிட முடிந்ததற்கு மருந்தே வேண்டாம். கொட்டவும் முடியாமல், மூடவும் முடியாமல் மிஞ்சுகிற தண்ணீருக்குத்தான் வேம்பு.

கடிக்கும் நேரத்தைப் பாருங்கள்

காலையிலும் மாலை மங்குவதற்கு முன்பும் கணுக்காலைத் தேடி வந்து கடிக்கிறதா, காலில் வெள்ளை வரிகள் தெரிகின்றனவா? அது டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி. சாக்கடையை அது அதிகம் நாடாது. வீட்டில் நாம் பிடித்து வைக்கும் ஓரளவு தெளிந்த நீர்தான் அதற்குப் பிடித்தமானது. இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். அது சாக்கடையிலும் கழிவுநீர்க் குட்டையிலும் பிறக்கிறது, யானைக்கால் நோயைப் பரப்புகிறது. மூன்றாவது மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ். நகரங்களில் அது மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் தேடிப் போகும்.

புழுவை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ஏடிஸ், கியூலெக்ஸ் புழுக்கள் நீர்மட்டத்தில் வாலை ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அனோபிலஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்த வாக்கில் இருக்கும். தொடாமலே, நிழல் விழுந்ததும் குபீரென்று கீழே இறங்கி மறுபடி மேலே வருவது எல்லாவற்றுக்கும் பொது.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் உழைப்பு வீணாகும். பகலில் கடிக்கும் கொசுவுக்காகத் தெருச் சாக்கடையில் லிட்டர் கணக்கில் எண்ணெய் ஊற்றுகிறவர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறைய மழைநீர் இருக்கும்.

வாரம் ஒரு நாள், வீட்டைச் சுற்றி ஒரு நடை

வெயில் காலத்தில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு முறை என்ற கணக்கு. ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாயோ ஞாயிறோ எதுவானாலும் சரி, மாற்றாமல் இருந்தால் சரி.

கொங்கு வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு டிரம், உப்புத் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்று இரண்டு சேமிப்பு இருக்கும். குழாயில் நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது என்றால் டிரம்களின் எண்ணிக்கை கூடும். திருப்பூர் லைன் வீடுகளில் குடும்பத்துக்கு இரண்டு மூன்று டிரம் வரிசையாக நிற்கும். ஏடிஸுக்கு இதைவிட வசதியான ஊர் வேண்டுமா என்ன? இந்த டிரம்களில் வேப்பெண்ணெய் ஊற்றாதீர்கள். வாயை வேட்டித் துணியால் மூடி ரப்பரால் இறுக்குங்கள். காலியானதும் உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது: ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், ஈரமில்லாமல் பல மாதம் உயிரோடு கிடக்கும், மறுபடி தண்ணீர் நிரம்பியதும் பொரிக்கும்.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: முற்றத்தில் யாரும் ஆட்டாத ஆட்டுக்கல், உரல், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டு, மொட்டைமாடியில் அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருப்பவர்களுக்குப் பட்டியல் நீளம். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் கிடக்கும் கொட்டாங்குச்சியும் தேங்காய் மட்டையும், மேட்டுப்பாளையம் பக்கம் உதிர்ந்து கிடக்கும் பாக்கு மட்டையும் மழைக்குப் பிறகு ஆயிரம் சின்னக் குளங்கள். இவற்றுக்கு மருந்தடிப்பதாகக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. குவித்துக் கவிழ்த்து வைப்பது, கூரைக்குள் கொண்டுபோவது, மூடாக்காக மண்ணோடு சேர்ப்பது ஆகியவைதான் வழி.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிப் பட்டறைகளின் பழைய டயர்களும் அப்படித்தான். டயரை எப்படித் திருப்பினாலும் உள்ளே கொஞ்சம் நீர் நிற்கும், எண்ணெய் அந்த வளைவுக்குள் சரியாகப் போய்ச் சேராது. மழை படாத இடத்தில் அடுக்குங்கள். அது முடியாவிட்டால் துளை போடுங்கள்.

கட்டுத்தறியில் மாடு குடிக்கும் தாழியிலும் எந்தக் கரைசலும் வேண்டாம். வாரம் ஒரு முறை முழுக்கக் காலி செய்து தேய்த்துக் கழுவினால் போதும்.

இத்தனையும் செய்த பிறகு மிஞ்சுவது என்ன? வீட்டுக்குப் பின்னால் வழிந்தோடாத சாக்கடை, குளியலறை நீர் தேங்கும் குழி, கட்டுமான இடத்தில் அடித்தளக் குழி, பாறைப் பள்ளம், நகர்த்த முடியாத ஆட்டுக்கல். இங்கேதான் வேம்புக்கு வேலை.

வேப்பங்கொட்டைக் கரைசல்

வேம்பில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் முக்கியப் பொருள் அசாடிராக்டின். அது இலையில் கொஞ்சம்தான் இருக்கிறது, கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான் மிகுதி. அது புழுவை அடித்த மாத்திரத்தில் கொல்வதில்லை. புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போவதைக் கெடுக்கிறது. புழு புழுவாகவே நின்று, சில நாளில் சாகும். ஆகவே ஊற்றிய மறுநாள் காலையில் புழு நெளிவதைப் பார்த்து "இது வேலைக்காகாது" என்று முடிவு கட்டாதீர்கள்.

மரத்தடியில் பழம் உதிரும் காலத்தில் நாள்தோறும் பொறுக்குங்கள். மண்ணில் கிடந்து பூஞ்சணம் பிடித்ததை விட்டுவிடுங்கள். சதையைத் தண்ணீரில் பிசைந்து நீக்கி, நிழலில் நன்றாகக் காயவைத்து, சாக்குப் பையிலோ துணிப் பையிலோ கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சணம் வரும். பறித்து மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரையிலான கொட்டை நன்றாக வேலை செய்யும். போன வருஷத்து மூட்டையைப் பரணில் இருந்து இறக்குவதில் பயனில்லை, வீரியம் போயிருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்குப் பரிந்துரைக்கும் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு நம் தோட்டங்களில் பலருக்குப் பழக்கம்: 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. வீட்டுக்கு அதையே சுருக்கிக்கொள்ளலாம், 1 லிட்டருக்கு 50 கிராம். கொட்டையாக எடை போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுக்க வேண்டும், ஓடு போய்விடும் அல்லவா.

கொட்டையை லேசாக இடித்து முறத்தில் புடைத்து ஓட்டை நீக்குங்கள். பருப்பைக் கொரகொரப்பாக இடியுங்கள். எண்ணெய் கக்கும் அளவுக்கு மைய அரைக்க வேண்டாம். சமையல் மிக்சி வேண்டவே வேண்டாம், கசப்பு ஒட்டிக்கொண்டால் அடுத்த நாலு சட்னி வீணாகும். இடித்ததை மெல்லிய துணியில் தளர்வாக மூட்டை கட்டி, அளந்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் மூட்டையைப் பிழியப் பிழிய வெண்மையான சாறு இறங்கும். அதை இரண்டு முறை துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 10 கிராம் சலவை சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறவைத்த நுரைத் தண்ணீரும் உதவும்.

அன்றே பயன்படுத்துங்கள். அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் ஊற்றுவது நல்லது. 10 லிட்டர் தேங்கிய நீருக்கு 1 லிட்டர் சாறு என்று தொடங்குங்கள். மரத்துக்கு மரம், மூட்டைக்கு மூட்டை வீரியம் மாறும் என்பதால் உங்கள் கொட்டைக்கு எது போதும் என்பதைக் கீழே சொல்லும் பாட்டில் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

சாக்கடைக்கு எண்ணெய்

கொட்டைச் சாற்றுக்கு ஒரு குறை உண்டு. கூட்டுப்புழுவிடம் அது செல்லாது. காற்புள்ளி வடிவில் வளைந்து, உருண்டு உருண்டு நீந்துமே, அதுதான் கூட்டுப்புழு. அந்தப் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை, இரண்டு மூன்று நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆனால் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் மூச்சு முட்டும். ஆகவே கூட்டுப்புழுவைக் கண்ட இடத்தில் எண்ணெயே சரி.

செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் 50 மில்லி, சோப்புக் கரைசல் 10 மில்லி, மீதிக்குத் தண்ணீர் விட்டு மொத்தம் 1 லிட்டர். வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் சோப்பைக் கரையுங்கள், பிறகு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்குங்கள். வரிசையை மாற்றினால் எண்ணெய் தனியே திரண்டு மிதக்கும். நன்றாகக் கலந்திருந்தால் பால் நிறமாக இருக்கும். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்துபோனால் பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். புங்கன் எண்ணெய் மலிவாகக் கிடைத்தால் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளலாம்.

கைத்தெளிப்பானில் ஊற்றி நீர்மட்டம் முழுவதும் படுமாறு தெளியுங்கள். ஓடும் சாக்கடையில் தெளிப்பது பணத்தை ஓடவிடுவது. முதலில் குப்பையை வாரி நீரை நகரவிடுங்கள், தேங்கும் மூலைகளுக்கு மட்டும் மருந்து. மரத்தூளைப் பழந்துணியில் பந்தாகக் கட்டி, எண்ணெயில் ஊறவைத்து, தேங்கும் இடத்தில் கல் சேர்த்துப் போட்டுவைப்பதும் நல்ல உத்தி, எண்ணெய் மெல்ல மெல்லக் கசியும். உள்ளாட்சிப் பணியாளர்கள் கழிவு எண்ணெயில் இதைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக் கழிவு எண்ணெயின் நச்சு மண்ணிலும் நீரிலும் தங்கும், வேப்பெண்ணெய் சிதைந்துவிடும். சிதைகிறது என்பதாலேயே வாராவாரம் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது, அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மீன் விட்ட தொட்டியில் எண்ணெய் ஊற்றாதீர்கள். பயன்பாட்டில் இல்லாத கிணற்றுக்குக் கப்பி மீனே போதும், மருந்து தேவையில்லை. ஆனால் அந்த மீனை நொய்யலிலோ பவானியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடக் கூடாது, நாட்டு மீன்களுக்கு அது தொல்லை.

உரக்கடையில் விற்கும் வேம்புப் பூச்சிக்கொல்லியில் 300, 1500, 10000 பி.பி.எம் என்று எண் போட்டிருக்கும். அது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு அசாடிராக்டின் என்ற அளவு. பயிருக்கென்று விற்கப்படுபவை அவை, லேபிளில் சொன்ன பயன்பாட்டைத் தாண்டி வீட்டுத் தண்ணீரில் கலக்காதீர்கள்.

பாட்டில் சோதனை

இதைத் தவிர்த்துவிட்டு ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுங்கள். சிகிச்சை செய்யாத ஒரே குழியிலிருந்து புழுவோடு தண்ணீரை மொண்டு இரண்டிலும் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் உங்கள் சாற்றைப் பத்துக்கு ஒன்று என்று சேருங்கள். இரண்டின் வாயையும் துணியால் இறுகக் கட்டி நிழலில் வையுங்கள். துணி கட்ட மறந்தால் நீங்களே கொசு வளர்த்ததாகிவிடும். ஒரு வாரம் கழித்து மருந்தில்லாத பாட்டிலில் கொசுக்கள் துணிக்கடியில் உட்கார்ந்திருக்கும். மருந்துள்ளதில் செத்த புழுவும் பாதி உரித்த தோலும் கிடந்தால் அளவு சரி. அதிலும் கொசு எழும்பியிருந்தால் கொட்டை பழசு, அளவு போதவில்லை, அல்லது மொண்ட நீரிலேயே கூட்டுப்புழு இருந்திருக்கும். சோதனை முடிந்ததும் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் கொன்றபின் கொட்டுங்கள்.

குழியில் ஊற்றியபின்னும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பாருங்கள். வெள்ளையில்தான் புழு தெளிவாகத் தெரியும். மழை பெய்து குழி நிரம்பி வழிந்தால் மருந்து போய்விட்டது என்று பொருள், திரும்ப ஊற்ற வேண்டும்.

இலைக் கஷாயத்தில் இருக்கும் பொறி

இயற்கை வேளாண்மை செய்யும் தோட்டங்களில் ஐந்திலைக் கரைசல் போடுவார்கள்: ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை. செடிப் பூச்சிக்கு அது சரி. அதே சக்கையைக் கொசுக் குழியில் கொட்டினால் எதிர்மறையான பலன் வரலாம். அழுகும் இலை நீரின் வாடைதான் முட்டையிட இடம் தேடும் பெண் கொசுவை இழுக்கிறது. அழுகல் நீரில் புழுவுக்கு இரையும் கிடைக்கிறது. வடிகட்டாத எதையும் தண்ணீரில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யம் இன்று பல தோட்டங்களில் டிரம்மில் ஊறுகிறது, அமிர்தக் கரைசலும் அப்படியே. அந்த டிரம்களின் வாயையும் துணியால் கட்டுங்கள்.

எருக்கு, அரளி, ஊமத்தை, புகையிலை ஆகிய நான்கையும் வீட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செடியில் விளைந்தது என்பதால் நஞ்சு நஞ்சில்லை என்று ஆகிவிடாது. புகையிலைக் கரைசலில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். குழந்தையும் கன்றுக்குட்டியும் வாய் வைக்கும் இடத்தில் அந்த விளையாட்டு கூடாது.

புகை, எண்ணெய், செடி

அந்தி நேரத்தில் கட்டுத்தறியில் நொச்சி, வேப்பிலை, தும்பை போட்டு மூட்டம் போடுவது நம் ஊர் வழக்கம். புகை இருக்கும் வரை மாட்டுக்கு ஓரளவு நிம்மதி. தட்டுப்போருக்கு (சோளத்தட்டுக் குவியலுக்கு) தள்ளிப் போடுங்கள், ஆடிக் காற்றில் ஒரு பொறி போதும். வீட்டுக்குள், அதுவும் கைக்குழந்தையோ வீசிங் உள்ளவரோ இருக்கும் அறையில், எந்த இலைப் புகையும் வேண்டாம். கொசுவலை கட்டுங்கள்.

தோலில் தடவ, தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலப்பவர்கள் உண்டு. முழங்கையில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வியர்த்தால் திரும்பத் தடவ வேண்டும். வேப்பெண்ணெயை எந்தக் காரணத்துக்காகவும் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். வலிப்பு வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஊட்டியில் வாங்கும் நீலகிரித் தைலம் வேறு, கொசு விரட்டியாக உலகெங்கும் பேசப்படும் எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ் வேறு. இரண்டும் வெவ்வேறு மரங்கள். பின்னதிலிருந்து தயாராகும் விரட்டியையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசுவதில்லை.

நொச்சிச் செடி வளர்த்தால் கொசு வராது என்று கன்றுகள் கைமாறுவதுண்டு. சென்னை மாநகராட்சி கூட ஒரு காலத்தில் வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது. வேலியோரம் நடுங்கள், நல்ல செடி. நட்டதோடு வேலை முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். கசக்காத இலை காற்றில் விடுவது சொற்பம்.

நெல் வயல் உள்ளவர்களுக்கு

கோபி பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்திலும் காலிங்கராயன் பாசனத்திலும் நெல் வைப்பவர்கள் அடியுரத்தோடு வேப்பம் புண்ணாக்கு இடுவது புதிதல்ல. தமிழ்நாட்டு நெல் வயல்களில் 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வேம்புப் பொருள்களையும் நீர் நிர்வாகத்தையும் சேர்த்துக் கொசுப்புழுவுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வயல் காயும் நாள்களில் புழு தாங்காது. நாள் முழுக்க நீர் நிறுத்தி வைத்துவிட்டுப் புண்ணாக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

பணியாளர் வந்தால், காய்ச்சல் வந்தால்

டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து தொட்டியில் அபேட் என்ற கொசுப்புழுக்கொல்லி மருந்தை ஊற்றுவதைத் தடுக்காதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீரிலும் அதைப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேல்நிலைத் தொட்டி போன்ற இடங்களில் வேப்பெண்ணெயால் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஏடிஸ் சில நூறு மீட்டருக்குள்தான் பறக்கும் என்பதால், அடுத்த வீட்டு ஆட்டுக்கல்லும் உங்கள் பிரச்சினைதான். கரைசலை ஒரு வாளி கூடுதலாகப் போட்டு அங்கேயும் ஊற்றிவிட்டு வாருங்கள்.

நிலவேம்புக் குடிநீர் கொசுவை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள், டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் அந்த இரவே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது.